கடைசி வாங்கின் வரலாறு

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இம்மலரின் ஏனைய பக்கங்கள் அதிபர்களையும் ஆசிரியைகளையும், கட்டடங்களையும் விளையாட்டு வெற்றிகளையும், பல்கலைக்கழகம் புகுந்தவர்களையும் பதிவு செய்கின்றன. அவை பதிவாக வேண்டியவையே. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டது வேறொரு பிள்ளையின் வரலாறு. எழும்பி வாசிக்கச் சொன்னால் சொல்லுக்குச் சொல் தடுமாறியவள். கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்தெழுதியும் சொல்வதெழுதலில் இரண்டு புள்ளி வாங்கியவள். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ ஒரு தவணை விடுமுறைக்குப் பின் திரும்பி வராமற்போனவள். எல்லா வகுப்பிலும் அப்படி ஒருத்தி கடைசி வாங்கில் இருந்தாள். எங்கள் குழுப்படங்களில் அவளுடைய முகம் இருக்கிறது. சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டில் பெரும்பாலும் அவளுடைய பெயர் இல்லை.

'நாம்' என்று இங்கே சொல்வது 1980களின் நடுப்பகுதியில் முதலாம் வகுப்பில் சேர்ந்து, 1990களின் இறுதியில் உயர்தரப் பரீட்சை எழுதி வெளியேறிய தலைமுறையை. எம்மில் மருத்துவத்துறைக்குப் போனவர்கள், "பிள்ளை படிக்குதில்லை" என்று தாய்மார் கூட்டிவரும் பிள்ளைகளை இன்று கிளினிக்கில் பார்க்கிறோம். அப்போதெல்லாம் அந்தக் கடைசி வாங்கு நினைவுக்கு வருகிறது. வித்தியாசமாகக் கற்கும் பிள்ளைக்கு எமது நாட்டுப் பாடசாலைகள் எவ்வாறு இடம் கொடுத்தன, எங்கே கொடுக்கத் தவறின என்பதைச் சுருக்கமாகவேனும் எழுதிவைப்பது இந்த நூற்றாண்டு மலருக்குப் பொருத்தமாகும் என்று எண்ணுகிறோம்.

முதலில் ஒதுக்கப்பட்டவர்கள்

இந்த வரலாற்றை எங்களிலிருந்தே தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் "இவர்களுக்குப் படிப்பு ஏறாது, ஏறினாலும் பயனில்லை" என்று முதலில் சொல்லப்பட்டவர்கள் பெண் பிள்ளைகளே. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய காலத்தில், பெண் பிள்ளையைப் படிக்க அனுப்புவது ஊரில் வழக்கமாக இருக்கவில்லை. ஆண்களுக்கென அமைந்த திண்ணைப் பள்ளியில் அவளைக் கொண்டுபோய் இருத்தியிருந்தால் அம்முயற்சி நிலைத்திருக்காது. தங்கிப் படிக்க விடுதியும், பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளப் பெண்களும், அவளுக்கென ஒரு பாடத்திட்டமும் வேண்டியிருந்தன. பாடசாலை தன்னை மாற்றிக்கொண்ட பின்னரே பெண் படித்தாள். அவளுடைய மூளை அதற்கு முன்பும் அதே மூளைதான்.

எமது சங்கம் தோன்றிய 1920களில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் வாங்கு என்பதே ஒரு போராட்டத்தின் பெயராக இருந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளைப் பல பாடசாலைகள் சேர்க்கவில்லை. சேர்த்த இடங்களிலும் அவர்கள் நிலத்தில் இருத்தப்பட்டார்கள், அல்லது வகுப்புக்கு வெளியே நின்று கேட்டார்கள். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும் என்ற 'சம ஆசன' விதி 1920களின் முடிவில் நடைமுறைக்கு வந்தபோது அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளை பாடத்தில் பின்தங்கியதைக் காட்டி, "அவர்களுக்குப் படிப்பு வராது" என்று சொன்னவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். எங்கே இருத்துகிறோமோ அதற்கேற்பவே பிள்ளை படிக்கும் என்ற எளிய உண்மை அவர்களுக்குத் தென்படவில்லை.

மொழியும் அவ்வாறே. நல்ல பாடசாலை என்றால் ஆங்கிலப் பாடசாலை என்றிருந்த நாட்களில், வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளை தமிழில் கணக்கைச் சொல்லியிருப்பாள். ஆங்கிலத்தில் கேட்டபடியால் விழித்தாள். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியாகி, 1945இல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. அதனுடன் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. கட்டணம் கட்ட முடியாத பிள்ளையும் ஆங்கிலம் அறியாத பிள்ளையும் ஒரே காலத்தில் 'படிக்கக்கூடிய' பிள்ளைகள் ஆனார்கள். எங்கள் அம்மம்மாமாரில் பலர் அவ்வாறு படித்தவர்கள்தாம்.

இரத்மலானையும் கைதடியும்

கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகளுக்கான பாடசாலைக் கல்வி இலங்கையில் 1912இல் தொடங்கியது. இங்கிலாந்துத் திருச்சபையின் பெண்கள் மிஷனைச் சேர்ந்த மேரி சப்மன் அம்மையார் தெகிவளையில் சிறிய அளவில் ஆரம்பித்த பாடசாலையே பின்னர் இரத்மலானையில் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நெடுங்காலம் நாட்டில் இத்தகைய பிள்ளைகளுக்கு இருந்த பெயர்பெற்ற இடம் அது ஒன்றே. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்த ஒரு பிள்ளை படிக்க வேண்டுமானால் சிறு வயதிலேயே தாயைப் பிரிந்து இரவு ரயிலேறிக் கொழும்புப் பக்கம் போக வேண்டியிருந்தது. அனுப்ப மனமில்லாத வீடுகளில் அப்பிள்ளை அடுப்படியிலும் முற்றத்திலுமாக வளர்ந்து முடிந்தது.

1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை தோன்றியபோது தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பயணம் குறுகிற்று. பிரித்தானிய நவீல்ட் நிதியத்தின் பெயரைத் தாங்கிய அப்பாடசாலை விழிப்புலனற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1951இல், யுனெஸ்கோவின் முயற்சியால் இந்திய உபகண்ட மொழிகளுக்கான பிரெயில் முறை ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது. ஆறு புள்ளிகளுக்குள் 'அ' முதல் 'ன்' வரை அடங்கியது. விரல் நுனியால் தமிழ் வாசிக்க முடியும் என்றானபின் கண் தெரியாத பிள்ளைக்குப் பாடப்புத்தகம் என்ற ஒன்று சாத்தியமாயிற்று.

செவிப்புலனற்ற பிள்ளைக்கு வழி அவ்வளவு நேராக அமையவில்லை. 1880இல் மிலான் நகரில் கூடிய மாநாடு, காது கேளாதோரைச் சைகை மொழியில் அன்றி உதட்டசைவு பார்த்துப் பேசவைத்தே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் நிழல் உலகெங்கும் நெடுங்காலம் படிந்திருந்தது. பிள்ளைகள் இடைவேளையில் தமக்குள் கைகளால் சரளமாகப் பேசினார்கள். வகுப்பில் அந்தக் கைகள் அடங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. சைகை மொழி ஒரு முழு மொழி என்பதை மொழியியலாளர் ஏற்றுக்கொண்டது 1960களுக்குப் பின்னரே.

தனிப் பாடசாலைகள் செய்த தொண்டு பெரியது. ஆயினும் அவற்றால் ஒரு பிழையான எண்ணமும் ஊரில் வேரூன்றியது: "அப்படியான பிள்ளைகளுக்கு அங்கே ஓரிடம் இருக்கிறது, ஆகவே எங்கள் பாடசாலை அதைப்பற்றி யோசிக்கத் தேவையில்லை." 1960களின் பிற்பகுதியில் கல்வியமைச்சு விழிப்புலனற்ற பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் பல பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் வந்தன. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் வாழ்வகத்தில் தங்கியிருக்கும் விழிப்புலனற்ற பிள்ளைகள் அருகிலுள்ள பாடசாலைகளுக்குப் போய் ஏனையோருடன் ஒரே வகுப்பில் படித்து, பல்கலைக்கழகம் சென்று, இன்று ஆசிரியர்களாகவும் இருப்பதை ஊரறியும். அவர்களுக்கு வேண்டியிருந்தவை பிரெயில் புத்தகம், எழுதும் கருவி, பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லும் ஓர் ஆசிரியர். இவை பெரிய செலவுகள் அல்ல.

போர்க்காலத்து வகுப்பறை

எங்கள் தலைமுறை படித்த ஆண்டுகளைப் பற்றி எழுதாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. 1990இன் நடுப்பகுதியுடன் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டுச் செய்த விளக்கில் நாம் படித்தோம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது எமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் படிக்க முடிந்த கண்கள் எங்களுக்கு இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்வை குறைந்த பிள்ளைக்கு அந்த விளக்கு விளக்கே அல்ல. குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரிகளும் இருந்தன. எங்கள் வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். காதில் கேட்கும் கருவி மாட்டிய பிள்ளைக்குச் சுற்றுவதற்கு டைனமோ இல்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. அன்றைய நெரிசலில் நடக்க முடியாத பிள்ளைகளைத் தகப்பன்மார் சைக்கிள் கரியரில் கட்டித் தள்ளினார்கள். பிறகு மரங்களின் கீழும் கொட்டில்களிலும் மாறிமாறி இரு பாடசாலைகள் ஒரே இடத்தில் இயங்கின. 1996இல் ஊர் திரும்பி வகுப்பைக் கூட்டியபோது வராமற்போன பெயர்களின் எண்ணிக்கை பெரிது. போனவர்கள் எல்லோரும் வெளிநாட்டுக்கோ வன்னிக்கோ போனவர்கள் என்றே நாம் எண்ணிக்கொண்டோம். ஏற்கெனவே படிப்பில் தடுமாறிக்கொண்டிருந்தவர்களுக்கு இடப்பெயர்வு ஒரு வாசலாக அமைந்து, அவர்கள் மீண்டும் பாடசாலைக்கு வரவேயில்லை என்பது பின்னர் அவரவர் ஊர்களிலிருந்து தெரியவந்தது.

போர் புதிய கற்றல் இடர்களையும் கொண்டுவந்தது. செல் சத்தத்தில் கேள்வி குறைந்தவர்கள், கால் இழந்தவர்கள் ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியும் காயம் எதுவுமில்லாமல், பாடத்தில் மனம் பதிய மறுத்த பிள்ளைகள் மறுபக்கம். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' என்ற நூல் போர் எமது மக்களின் மனத்தில் விட்ட தாக்கத்தை விரிவாகப் பதிவு செய்தது. தூக்கமின்மை, திடுக்கிடல், ஞாபகம் பிடிபடாமை ஆகியவற்றை "கவனமில்லை", "சோம்பல்" என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதிய ஆண்டுகள் அவை. அதே ஆண்டுகளில்தான் எமது ஆசிரியர்கள் பலர் உளசமூகப் பயிற்சி பெற்று, பிள்ளையை அடிக்காமல் அருகில் இருத்திப் பேசவும் கற்றுக்கொண்டார்கள். தாமே இடம்பெயர்ந்து, சம்பளம் தாமதித்த நிலையில் அவர்கள் அதைச் செய்தார்கள் என்பதை நன்றியுடன் எழுதிவைக்கிறோம்.

மருத்துவம் கற்றுக்கொண்டது

கற்றல் இடர்களில் ஒரு பகுதி தடுக்கக்கூடியது. கருவுற்ற தாய்க்கு ஆரம்ப மாதங்களில் ருபெல்லா வந்தால் பிள்ளை கண் வெண்புரையுடன் பிறக்கலாம் என்பதை 1941இல் அவுஸ்திரேலியக் கண் மருத்துவர் நோர்மன் கிறெக் கண்டறிந்தார். காது கேளாமையும் இருதயக் குறைபாடும் அதனுடன் வருவது தொடர்ந்து தெரியவந்தது. இலங்கையில் 1996இல் 11 முதல் 44 வயது வரையான பெண்களுக்கு ருபெல்லா தடுப்பூசி தொடங்கப்பட்டது. பாடசாலை வயதிலேயே அவ்வூசியைப் பெறும் வாய்ப்புக் கிடைத்த முதல் தலைமுறை நாமே. இன்று பிள்ளைகளுக்கு அது எம்.எம்.ஆர். ஊசியாகப் போடப்படுகிறது. உப்பில் அயடீன் சேர்த்ததும், ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் சின்னமுத்துக்கும் ஊசி வந்ததும் எத்தனையோ பிள்ளைகளின் மூளையையும் கண்ணையும் காதையும் காத்தன. மறுபக்கம், எமது தாய்மார் காலத்தில் பிழைத்திராத குறைமாதப் பிள்ளைகள் இன்று பிழைத்து வளர்ந்து முதலாம் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களிற் சிலருக்குக் கற்றலில் மேலதிக உதவி வேண்டும். ஆகவே தேவை குறைந்துவிடவில்லை. அதன் முகம் மாறியிருக்கிறது.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைப் பற்றிய மருத்துவ வரலாறு 1896இல் தொடங்குகிறது என்று சொல்லலாம். பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அவன் கெட்டிக்காரன், கணக்கில் வல்லவன், பார்வையில் குறையில்லை. எத்தனை ஆண்டு படித்தும் எழுதிய சொல் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் வாய்மொழியாகவே கற்பித்திருந்தால் பாடசாலையிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருந்திருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. இன்று டிஸ்லெக்சியா என்று அழைக்கப்படும் வாசிப்பு இடர்பாட்டின் சாரம் முழுவதும் அந்த ஆசிரியரின் அவதானிப்பில் இருக்கிறது. அவர் மருத்துவர் அல்லர். பிள்ளையை நாள்தோறும் பார்த்தவர்.

இந்த இடர்பாடு ஆங்கிலத்துக்கு உரியது, தமிழ் எழுதுகிறபடியே வாசிக்கப்படும் மொழி, ஆகவே எமது பிள்ளைகளுக்கு வராது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது சரியன்று. தமிழ் எழுத்தும் தடுமாறும் பிள்ளைக்குத் தன் வழியில் கடினமானது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியிலோ 'க்' முன்னும் 'எ' பின்னும் வருகின்றன. 'கொ' என்பதில் உயிரொலியின் குறி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ண, ன, ந என்றும் ல, ள, ழ என்றும் ர, ற என்றும் ஒலியால் நெருங்கிய எழுத்துகள் உண்டு. 247 எழுத்துகளின் பெரிய அட்டவணை வகுப்புச் சுவரில் தொங்குகிறது. இவற்றுக்கு மேலாக, "வாறன்" என்று பேசும் பிள்ளை "வருகிறேன்" என்று வாசிக்க வேண்டும். தான் பேசாத ஒரு தமிழை அவள் எழுத்தில் முதன்முதலாகச் சந்திக்கிறாள். பெரும்பாலான பிள்ளைகள் இதை இரண்டு மூன்று ஆண்டுகளில் தாண்டுகிறார்கள். தாண்ட முடியாதவளுக்குக் கூடுதல் நேரமும், எழுத்தை ஒலியோடு சேர்த்துத் தடவியும் சொல்லியும் படிக்கும் முறையும், அன்றாடம் சிறிது தனிக் கவனமும் வேண்டும். ஒரு பந்தியை 20 தரம் எழுதச் சொல்லும் தண்டனை அவளுக்கு எதையும் கற்பிப்பதில்லை.

அமைதியான பிள்ளை

பெண்கள் கல்லூரியின் மலரில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் ஓட்டிசம் பற்றி முதன்முதலாக விவரித்த 11 பிள்ளைகளில் 8 பேர் ஆண்கள், 3 பேர் பெண்கள். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் விவரித்த நால்வரும் ஆண்கள். கவனக்குறைபாடு என்றாலும் வகுப்பில் ஓடித்திரியும் பையனே நெடுங்காலம் எல்லோருடைய மனதிலும் இருந்தான். துடிதுடிப்பு இல்லாமலும் கவனக்குறைபாடு இருக்கலாம் என்பது அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைநூலில் இடம்பெற்றது 1980இல்தான். ஆண் பிள்ளைகளைப் பார்த்து வரைந்த படத்தை வைத்துக்கொண்டு பெண் பிள்ளைகளைத் தேடினால் பலர் அகப்படமாட்டார்கள்.

பெண் பிள்ளை பெரும்பாலும் அமைதியாகத் தடுமாறுகிறாள். யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருக்கிறாள், எவருக்கும் தொல்லையில்லை. தோழியின் கொப்பியைப் பார்த்து அழகாக எழுதிவிடுகிறாள். ஆசிரியை சரி போடுகிறார். இடைவேளையில் கூட்டத்தின் ஓரத்தில் நின்று மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிக்கிறாள். எமது பாடசாலைகள் அடக்கத்தையும் ஒழுக்கத்தையும் பெண்ணுக்கு அணிகலனாகப் போற்றியவை. அதனால் அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் "நல்ல பிள்ளை, அமைதியானவள், இன்னும் முயற்சி செய்ய வேண்டும்" என்ற வரி ஆண்டுதோறும் மாறாமல் வந்தது. முதல் இரண்டு சொற்களே மூன்றாவதற்கான காரணத்தை மறைத்தன. குழப்படி செய்த பையனை அதிபரிடம் அனுப்புவார்கள். அப்படியாவது யாரேனும் அவனைப் பார்ப்பார்கள். அமைதியானவளை எவரும் எங்கும் அனுப்பவில்லை.

கிளினிக்கில் நாம் முதலில் தேடுவது எளியவற்றையே. பலகை தெரிகிறதா? இரு காதும் கேட்கின்றனவா? அடிக்கடி காதில் சீழ் வடிகிறதா? இரத்தச்சோகை உண்டா? பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு எதுவும் நடவாததுபோல் தொடர்கிறாளா? இந்தக் கடைசி அறிகுறி ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். பாடசாலை வயதில் வருவது. மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படுவது. ஒரு நாளில் பல தடவை வரும் அந்தச் சில விநாடிகளில் ஆசிரியை சொன்னது அவளுக்குக் கேட்காது. வகுப்பில் அதற்குப் பெயர் "பிராக்குப் பார்த்தல்". சுகாதாரத் திணைக்களத்தினர் பாடசாலைக்கு வந்து செய்யும் மருத்துவப் பரிசோதனையில் பார்வை சோதிக்கப்படுகிறது. அன்று பாடசாலைக்கு வராதவளைத் தவறவிடாமல் பார்ப்பதும், கண்ணாடி எழுதிக்கொடுத்தவள் அதை உண்மையில் போடுகிறாளா என்று கவனிப்பதும் வகுப்பாசிரியைக்கே முடியும். கண்ணாடி போட்டால் கலியாணம் பேச வராது என்று அதைப் பெட்டிக்குள் வைத்த வீடுகளும் எமது ஊரில் இருந்தன.

இவற்றுக்குப் பின்னும் இடர் நீடித்தால், "மொக்கு" என்ற சொல்லை விட்டுவிட்டு, அவளால் எது முடிகிறது, எது முடியவில்லை என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம். வாசிக்க முடியாதவள் கேட்டுப் புரிந்துகொள்ளலாம். எழுத முடியாதவள் சொல்லலாம். 40 நிமிடம் இருக்க முடியாதவள் 15 நிமிடம் இருக்கலாம். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வது எளிதன்று என்பது எமக்குத் தெரியும். எம்மில் ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் அதை மறக்க விடுவதில்லை.

சட்டமும் நடைமுறையும்

1994இல் ஸ்பெயினின் சலமன்காவில் கூடிய மாநாடு, எல்லாப் பிள்ளைகளையும் ஏற்கும் வகையில் சாதாரண பாடசாலையே மாற வேண்டும் என்று அறிவித்தது. உட்படுத்தல் கல்வி என்று இன்று நாம் சொல்வதன் அடிப்படை அது. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென வந்தது. அங்கவீனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதை அது தடைசெய்கிறது. 1997இல் 5 முதல் 14 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்ந்தது. அதே 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. பரீட்சைத் திணைக்களமும், மருத்துவ அறிக்கையுடன் உரிய காலத்தில் விண்ணப்பித்தால், மேலதிக நேரம், எழுத உதவியாளர், பெரிய எழுத்திலோ பிரெயிலிலோ வினாத்தாள் போன்ற ஒழுங்குகளைச் செய்துதருகிறது. இவ்வசதியை அறியாமல் சாதாரண தரத்தில் தோற்றுப்போகும் பிள்ளைகள் இன்றும் உண்டு. இதை வாசிக்கும் ஆசிரியைகளும் தாய்மாரும் பத்தாம் வகுப்பிலேயே இதைப்பற்றி விசாரித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சட்டம் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. ஆனால் "உங்கள் பிள்ளைக்கு இந்தப் பாடசாலை கஷ்டமாயிருக்கும், சின்னப் பாடசாலை ஒன்று பாருங்கோவன்" என்று அன்பாகச் சொல்லித் திருப்பி அனுப்புவதை எந்தச் சட்டமும் எளிதில் பிடிக்க முடியாது. பெறுபேற்று வீதம் குறைந்துவிடுமே என்ற அச்சம் பெயர்பெற்ற பாடசாலைகளுக்கே அதிகம். அந்த வீதத்தைக் கேட்டுப் பெருமைப்படுபவர்களில் பழைய மாணவிகளாகிய நாமும் அடங்குவோம்.

சங்கத்தின் முன் உள்ளவை

நூற்றாண்டை முன்னிட்டு உலகின் பல கிளைகளிலிருந்தும் பணம் சேர்ந்து வருகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் எமது சகோதரிகளில் பலர், தங்கள் பிள்ளைகளின் பாடசாலைகளில் விசேட தேவைக்கான ஆசிரியர், தனித் திட்டம், பேச்சுச் சிகிச்சை ஆகியவற்றை நேரில் கண்டவர்கள். சிலர் அப்பிள்ளைகளின் தாய்மார். அங்கே கிடைத்ததை எண்ணி நிம்மதியடையும்போது, ஊரிலே அதே நிலையில் இருக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியும் அவர்களுக்கு எழுந்திருக்கும். அவர்களுடைய அனுபவம் பணத்தைவிடப் பெறுமதியானது.

ஆகவே நிருவாகக் குழுவின் முன் நான்கு விடயங்களை வைக்கிறோம். முதலாவது, கட்டப்படும் எந்தக் கட்டடத்திலும் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும், அதற்கேற்ற மலசலகூடமும், கீழ்த்தளத்தில் வகுப்பறைகளும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் இருவராவது விசேட கல்வியில் பயிற்சி பெறும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் அத்துறையில் பயிற்சிநெறிகளை நடத்துகிறது. மூன்றாவது, ஓர் அறையை வளநிலையமாக ஒதுக்கி, தடுமாறும் பிள்ளை நாளில் ஒரு பாடவேளை அங்கே சென்று, மீண்டும் தன் வகுப்புக்கே திரும்பும் ஒழுங்கைச் செய்ய வேண்டும். எம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர் உள்ளூரில் இருக்கிறார்கள். வாரத்தில் இரு நாள் வரச் சம்மதிப்பார்கள் என்று நம்புகிறோம். ஊரிலுள்ள மருத்துவர்களாகிய நாம் தவணைக்கு ஒரு நாள் வந்து பிள்ளைகளைப் பார்க்க ஆயத்தமாக இருக்கிறோம்.

நான்காவது, பணம் வேண்டாதது. எமது யாப்பின்படி இக்கல்லூரியில் படித்தவர் எவரும் சங்கத்தில் சேரலாம். சாதாரண தரம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. இம்மலரை வாசித்து முடித்ததும் உங்கள் வகுப்புக் குழுப்படத்தை எடுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்போடு நின்றுபோனவளின் பெயரை நினைவுகூருங்கள். அவள் அதே ஊரில் கடை வைத்திருக்கலாம், தையல் வேலை செய்யலாம், பேரப்பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போய் வரலாம். நூற்றாண்டு விழா அழைப்பிதழ் அவளுக்கும் போக வேண்டும். தபாலில் போட்டால் அவள் வரமாட்டாள். "இது எனக்கில்லை" என்று எடுத்து வைத்துவிடுவாள். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒருவர் வீட்டுக்கே போய்க் கையில் கொடுத்து, அன்று வரும்போது தம்மோடு கூட்டிவர வேண்டும். அப்பெயர்களைச் சேகரிக்கும் கொப்பி ஒன்று செயலாளரிடம் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. எமது வகுப்பிலிருந்து இதுவரை ஆறு பெயர்களைக் கொடுத்திருக்கிறோம்.